புளியரை சோதனைச் சாவடி

பறவைக் காய்ச்சல் மாதம்.
மலையிறங்கி வருகிற வண்டிச் சக்கரங்களுக்கெல்லாம்
மருந்தடித்துக்கொண்டிருந்தார்கள்,
முதுகில் டப்பா கட்டிய இரண்டு பையன்கள்.

எங்களுடையது காலிக் குட்டியானை.
பாவூர்ச்சத்திரத்தில் ஏற்றிய முருங்கைக்காயைப்
புனலூரில் இறக்கிவிட்டு
அப்படியே என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த்
திரும்பிக்கொண்டிருந்தார் இசக்கித்துரை.
அவர் சீட்டில் ஈரத்துண்டு.
இஞ்சின் சூடு ஆகாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து
ஆரியங்காவு ஓடையில் நிறுத்தி
நனைத்து நனைத்து விரிக்கிறார்.
புகையிலைப் பொட்டலம் இருந்த இடத்தில்
இப்போது மாத்திரை அட்டை.

நாற்பது லட்சம் என்பது
போதாத ஒரு தொகை என்று
அவருடைய ரிப்போர்ட்டில்தான் தெரிந்துகொண்டோம்.
ஒண்ணு போதுமே டாக்டர் என்று கேட்டார்.
டாக்டர் சிரிக்கவில்லை.
இப்போது தொண்ணூறு லட்சம்.
லாட்டரி விழுந்த மாதிரி
அதை மட்டும் இரண்டு தடவை சொன்னார், வழியில்.

'கோழி, வாத்து, முட்டை ஏதும் உண்டா?'

ஜன்னலுக்குள் குனிந்து கேட்டார் ஆய்வாளர்.
என் மடியில் ஸ்கேன் தாள்.
ஆவுடைச்செல்வி, முப்பத்து நாலு.
(ஆவடசெல்வி என்று எழுதியிருந்தார்கள், போகட்டும்.)
வலது பக்கம் இரண்டு.
பதினெட்டு மில்லிமீட்டரில் ஒன்று, பதினாறரையில் ஒன்று.
'ரெண்டெண்ணம் உண்டு கேட்டோ' என்று
திரையை என் பக்கம் திருப்பினார் டாக்டர்.
சீவிய பனங்காயில்
ஒரு கண் மட்டும் மூடிக் கிடந்த மாதிரி
இரண்டு கறுப்புக் குழி.

முட்டை உண்டா என்றால்
நான் என்ன சொல்ல?
விசேஷம் ஏதும் உண்டா என்று கேட்டவர்களுக்கெல்லாம்
கல்யாண வீட்டில், ரேஷன் கடையில், பஸ்ஸில்,
இல்லை இல்லை என்று
ஏழு வருஷம் பழகிய நாக்கு.
அன்றைக்கு மட்டும் அது எழவில்லை.

சிரித்துவிட்டேன்.
அவர் என்னைப் பார்த்தார். தாளைப் பார்த்தார்.
ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு
தோள் குலுங்கச் சிரித்தார்.
போன சித்திரையில் மூன்றாவது தடவையும் தவறிய பிறகு
நாங்கள் சேர்ந்து சிரிக்கவேயில்லை.

'இறங்குங்க ரெண்டு பேரும்.'

சீட்டுக்கடியில் பார்த்தார்கள். தார்ப்பாயை உதறினார்கள்.
பிறகு பிளாஸ்க்கைத் திறந்தார் ஆய்வாளர்.
ஐஸ் கட்டி. அதற்குள்
பாலிதீனில் சுற்றிய ஊசி மருந்து.
'என்ன இது?'
இசக்கித்துரை சட்டென்று தரையைப் பார்த்தார்.
தெரிந்த முகம் இருக்குமென்று
செங்கோட்டைக் கடையில் மருந்து வாங்காத மனுஷன்.
நான்தான் சொன்னேன்:
'எனக்குப் போடுறது. இன்னைக்கு ராத்திரி பத்தரைக்கு.'

கால்நடைத் துறைக்காரர்.
எத்தனை தொழுவத்தில் சினை ஊசி போட்ட கையோ.
மருந்தின் பேரைப் படித்தார்.
ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.
சினை பிடிக்காத மாடு என்று
குழாயடியில் ஒருத்தி சொன்னது
காதிலிருந்து இன்னும் போகவில்லை.
அவர் மூடியை இறுக்கித் திருகினார்.
தலைகீழாகக் கவிழ்த்துச் சொட்டுகிறதா என்று பார்த்தார்.
'வெயில் படாம வைங்கம்மா' என்றார். பிறகு, மெதுவாக:
'எங்களுக்குப் பதினோராவது வருஷம்.'
பதினொன்றில் பிறந்ததா,
இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா?
கேட்பதற்குள்
பின்னாலிருந்த லாரி ஹாரன் அடித்தது.

ராத்திரி பத்தரை.
ஐம்பது கிலோ மூட்டையை ஒற்றைத் தோளில் தூக்குகிறவருக்கு
ஊசி பிடிக்கக் கை நடுங்கியது.
நானே போட்டுக்கொண்டேன்.
பஞ்சை மட்டும் அழுத்திப் பிடித்திருந்தார்,
ரத்தம் நின்ற பிறகும்.

நாளை மறுநாள் திரும்ப மலையேற வேண்டும்.
சின்ன வெங்காயம் பதினாறு மூட்டைக்குச் சொல்லியாகிவிட்டது.
போகும்போது யாரும் எதுவும் கேட்பதில்லை.
வரும்போது கேட்பார்கள், முட்டை உண்டா என்று.
உண்டு, இல்லை,
அந்த நேரத்தில்
எனக்கே தெரிந்திருக்காது.